ஆடுகிற நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம்; அதன்பின் சிறிய வாடகை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. அழகான அறைகளின் படங்கள் கைப்பேசியில் நானூறு சேர்ந்துவிட்டன. கைவேலைக்கென்று வாங்கிய நூலும் துணியும் பெயின்ட்டும் பிரிக்காத பெட்டியிலேயே கிடக்கின்றன. பழைய நாற்காலி ஒன்று ஆடுகிறது. அதை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று யோசனை. வீடு இன்னும் யாருடையதோ போல இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தச்சு வேலையிலும் வீட்டு உள்ளமைப்பு வேலையிலும் பல வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாற்காலியை எறிய வேண்டாம். நானூறு படங்களையும் அழிக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு அவற்றைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அந்தப் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நல்ல வெளிச்சம் விழும் நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். மின்கம்பிகளை ஒட்டுநாடாவால் மேசைக்கு அடியில் மறைப்பார்கள். குப்பைக்கூடை, செருப்பு, மருந்துப் பெட்டி, சார்ஜர் எல்லாம் அடுத்த அறையில் மலைபோலக் குவிந்திருக்கும். அகலக் கோண லென்ஸ் பத்தடி அறையைப் பதினைந்து அடிபோலக் காட்டும். படம் எடுத்து முடிந்ததும் சோபாவைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவார்கள். படத்துக்காக வைத்த இடத்தில் அது கதவை முழுதாகத் திறக்க விடாது.

மாதம் முடிந்த பிறகு அந்தப் படங்களுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. அதிகம் யோசிக்காமல் இருபதைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது? நீலச் சுவர் பிடித்திருக்கிறது என்று சொல்லி வந்த ஒருவரின் படங்களை இப்படிப் பரப்பிப் பார்த்தோம். நீலம் இருந்தது ஆறில்தான். ஆனால் எல்லாவற்றிலும் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியும், அதன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்ன மேசையும் இருந்தன. அவருக்கு வேண்டியிருந்தது உட்காரும் இடம். பெயின்ட் செலவே இல்லாமல் ஒரு பிற்பகலில் அது கிடைத்துவிட்டது.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியது வேறு. ஒரு சின்னக் குறிப்பேட்டைக் கதவருகே தொங்கவிடுங்கள். வீட்டில் எது எரிச்சலூட்டினாலும் அதில் ஒரு வரி எழுதுங்கள். சாவியை எங்கே வைத்தேன் என்று தேடியது, குளியலறையிலிருந்து வந்து துண்டைக் காயப்போட இடமில்லாதது, இரவில் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைக்க எழுந்து போக வேண்டியிருப்பது, இப்படி. ஊக்கம் என்று பெரிய வார்த்தை சொல்கிறோமே, என் தொழிலில் பாதி ஊக்கம் இந்த மாதிரி எரிச்சல்களிலிருந்துதான் வந்திருக்கிறது. துவைத்ததும் துவைக்காததுமாக உடைகள் ஒரு நாற்காலியின் மேல் குவிவது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. அந்தப் பழக்கத்தோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. நாற்காலி நிற்கும் அதே இடத்தில், சுவரில் சாய்த்து வைக்கும் ஒரு ஏணிச் சட்டமோ நாலு கொக்கிகள் கொண்ட பலகையோ வையுங்கள். உடைகள் அங்கே ஏறிவிடும். கை போகிற வழியில் பொருளை வைப்பதுதான் வடிவமைப்பு.

அடுத்தது வெளிச்சம். இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் பணத்தைக் கொட்டும் இடம் சோபா. வீட்டை மாற்றும் பொருள் விளக்கு.

ஒரு நாளில் மூன்று முறை, காலை எட்டு மணி, நண்பகல், மாலை ஐந்து மணி, அறையின் ஒரே மூலையில் நின்று படம் எடுங்கள். மாலையில் வேறு எங்கும் இல்லாத ஒரு பட்டை வெயில் சமையலறை வாசலில் விழுவது அப்போதுதான் தெரியும். அந்த வீட்டில் இரண்டு மாதமாகக் குடியிருந்தும் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வீட்டில் அதிக நேரம் உட்காரும் இருக்கையை நல்ல வெளிச்சமும் வெளிப்பார்வையும் உள்ள ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ரோஜர் உல்ரிக் 1984இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 23 ஜோடி நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. இருந்தாலும் நாற்காலியை ஆறடி நகர்த்த அவ்வளவு ஆதாரம் போதும்.

இரவு வெளிச்சத்துக்கு, கூரை நடுவில் எரியும் ஒற்றை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அது எல்லாவற்றையும் சமமாகத் தட்டையாக்கும். கண்ணுக்குக் கீழே நிழல் விழ வைக்கும். அதற்குப் பதிலாக மூன்று சிறிய விளக்குகள், வெவ்வேறு உயரங்களில், சுவர் பக்கம் திரும்பியபடி. ஒரு சின்ன விளக்கை நீங்கள் படிக்கும் பக்கத்துக்குப் பாதித் தூரம் நெருக்கி வைத்தால் பக்கத்தின் மேல் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதனால் பெரிய பல்பு வாங்குவதைவிடச் சின்ன பல்பைக் கிட்டே கொண்டுவருவது நல்லது. பல்பு வாங்கும்போது பெட்டியில் கெல்வின் (K) என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த வெளிச்சம், மாலைக்கும் படுக்கையறைக்கும் அது. 4000 வேலை செய்யும் மேசைக்கு. 6500 நீலம் கலந்த வெள்ளை. வீட்டில் அதற்கு நான் இடமே கொடுப்பதில்லை, அது என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் மஞ்சளையும் நீல வெள்ளையையும் கலப்பதுதான் உண்மையான தவறு. CRI என்று இன்னோர் எண்ணும் உண்டு: நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான குறியீடு, உச்சம் 100. தையலுக்கும் கண்ணாடி முன்னாலும் 90க்கு மேல் இருக்கட்டும். 80க்குக் குறைந்தால் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுபோலத் தெரியக்கூடும்.

நிறத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். கடை வெளிச்சத்தில் இதமான சாம்பல் நிறம் என்று தேர்ந்தெடுத்து என் சொந்த அறையின் நான்கு சுவர்களுக்கும் அடித்தேன். வீட்டில் அது பாசி படிந்த பச்சையாக இருந்தது. வெளியே புல்வெளி, அதில் பட்டுத் திரும்பிய ஒளி சுவரில் ஏறியிருக்கிறது. அது போதாதென்று நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கி இன்னும் அடர்த்தியாக்கிவிட்டன. ஓவிய ஆசிரியர் யோசெப் ஆல்பர்ஸ் தம் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு: ஒரே நிறத் தாளின் இரு துண்டுகளை வெவ்வேறு பின்னணிகளில் வைத்து, அவை இரு வேறு நிறங்களாகத் தெரியும்படி செய்ய வேண்டும். அதைப் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். தெரிந்து என்ன பயன், சுவரில் அடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

வாடகை வீடு என்பதால் சுவரைத் தொட முடியாது என்று வருந்தியிருக்கிறீர்கள். அதுவே ஒரு வசதி. இரண்டடிச் சதுரப் பலகையில் இரண்டு கைப் பூச்சாக நிறத்தை அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, மூன்று நாள் அறைக்குள் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். நீர் கலந்த எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்த பிறகு சற்று அடர்ந்துவிடும்; ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிடித்துப்போனால் அந்தப் பலகையையே சுவரில் சாய்த்துவிடலாம். நிறம் எங்கேயாவது இருந்தால் போதும், அது சுவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திரைச்சீலை, மேசை விரிப்பு, அலமாரியின் உட்புறம் இவையெல்லாம் வீடு மாறும்போது உங்களோடு வரும்.

அளவுகள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நடக்கும் வழி 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஒருவர் சிரமமில்லாமல் நடக்கலாம். 60க்குக் கீழே போனால் இடித்துக்கொள்வீர்கள். சாப்பாட்டு மேசையின் உயரம் சுமார் 75, நாற்காலி இருக்கை 45. படங்களை அவற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 வரை வருமாறு மாட்டுங்கள். பலரும் உயரத்தில் மாட்டிவிட்டு அறை வெறுமையாக இருக்கிறது என்பார்கள். திரைச்சீலைத் துணி ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும், இல்லையென்றால் மூடும்போது போர்வை காயப்போட்டதுபோல இருக்கும். ஏதாவது வாங்குவதற்கு முன் அதன் அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து இரண்டு நாள் சுற்றி நடந்து பாருங்கள். தாளை எத்தனை முறை மிதித்தீர்கள் என்பதே பதில்.

செடி வையுங்கள், அழகுக்காக. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையில் வேண்டாம். அந்தப் பேச்சு 1989இல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. பிற்பாடு பல சோதனைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த ஆய்வாளர்கள், ஜன்னல் வழிக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவை என்று 2019இல் எழுதினார்கள். ஜன்னலைத் திறந்துவிடுவது எளிது.

இனி, அந்தப் பிரிக்காத பெட்டி. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோசோன், டான் ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வை ‘ஐக்கியா விளைவு’ என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் கையால் பூட்டிய பெட்டிக்கும் மடித்த காகித உருவத்துக்கும் மனிதர்கள் கூடுதல் மதிப்பு கொடுக்கிறார்கள் என்பது அதன் முடிவு. பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: வேலையை முடிக்காமல் விட்டவர்களிடமும், முடித்ததைக் கலைத்துவிட்டவர்களிடமும் அந்தக் கூடுதல் மதிப்பு காணாமல் போய்விட்டது. ஆக, பெரிய போர்வை பின்னுவதைத் தொடங்கிப் பாதியில் விட்டால் மிஞ்சுவது குற்ற உணர்ச்சி மட்டும். பெட்டியைத் திறந்து, ஒரே உட்காருதலில் முடியக்கூடிய ஒன்றை எடுங்கள். கிழிந்த தலையணை உறைக்கு ஒட்டுத் துணி போடுவது நல்ல தொடக்கம். நூலின் நிறம் துணியோடு ஒத்துப்போகட்டும் என்று தேடாதீர்கள். வெள்ளை நூலால், அரிசி நீளத் தையல்களாக, வரிசை வரிசையாக ஓட்டுங்கள். ஜப்பானில் சாஷிகோ என்று இதற்குப் பெயர். கந்தலை உறுதிப்படுத்தவும் குளிர் தாங்கவும் தைத்த தையல், நாளடைவில் அலங்காரமாகவும் ஆனது. தையல்களுக்கு இடையே உள்ள இடைவெளி சமமாக இருந்தால், தையலின் நீளம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கண் மன்னித்துவிடும்.

உடைந்த கோப்பையைத் தங்கக் கோட்டோடு ஒட்டும் கின்ட்சுகியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். செய்து பார்த்தவன் சொல்கிறேன், அது ஆறுதலான வேலையே இல்லை. அதில் பயன்படும் உருஷி என்ற மரப்பால் தோலில் பட்டால் அரிக்கும், தடிக்கும். வெயிலில் வைத்தால் இறுகாது. வெதுவெதுப்பும் ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். ஒரு கோப்பைக்கு வாரக்கணக்கில் ஆகும். கடையில் கிடைக்கும் எப்பாக்சி பசையும் தங்கப் பொடியும் அவசரத்துக்குச் சரி, ஆனால் அதில் ஒட்டிய பாத்திரத்தில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

மரச்சாமான்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது சூடு வெளிப்படும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே தங்கி, யாரும் நெருப்பு வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை ஒற்றையாக விரித்து, திறந்த வெளியில் விறைப்பாகும் வரை காயவையுங்கள். அதேபோல மிகப் பழைய பெயின்ட் உள்ள சாமானை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில்கூட வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978இல்தான்.

புதிய தொடக்கத்துக்கு நல்ல நாள் எது என்று கேட்கிறீர்கள். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014இல் இதைப் பார்த்திருக்கிறார்கள். வாரத்தின், மாதத்தின், ஆண்டின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவோர் கூடுகிறார்கள். பழைய கணக்கை மூடிவிட்டோம் என்ற உணர்வு அந்த நாட்களில் கிடைக்கிறது. வீடு மாறியதும் அப்படி ஒரு கோடுதான், உங்களுக்கு அது கையில் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தின் வேகம் சீக்கிரம் வடியும். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்வதை நம்பி 22ஆம் நாள் மனம் உடையாதீர்கள். பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்துக் கணக்கிட்டதில், ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வேண்டியிருந்தது. நடுவில் நிற்கும் எண் 66. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

மாற்றம் இழப்பினால் வந்தது என்றால் இன்னொன்று. எதையும் அவசரப்பட்டு எறியாதீர்கள். பார்க்க முடியாத பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு, மேலே இன்றைய தேதியை எழுதி, பரணில் ஏற்றுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் வேறு ஆளாக இருப்பார். முடிவை அவர் எடுக்கட்டும்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். தரையில் பழைய போர்வையை விரித்து நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு கால்களைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் மெல்ல முறுக்கினால், எந்த மூட்டு வாய் திறக்கிறது என்று தெரியும். அங்கே பென்சிலால் எண் போடுங்கள், பொருந்தும் இரண்டு துண்டுகளிலும் ஒரே எண். ஆணி அடிக்கும் ஆசை வரும். அடிக்காதீர்கள், ஆணி மரத்தைப் பிளக்கும், கொஞ்ச நாளில் தானும் ஆடத் தொடங்கும். துணி சுற்றிய மரச்சுத்தியலால் தட்டி, தளர்ந்த மூட்டை முழுதாகப் பிரித்துவிடுங்கள். உள்ளே பழைய பசை இருக்கும். மரப்பசை வெறும் மரத்துக்குள் ஊறிப் பிடிப்பது; பழைய பசையின் மேல் அது ஒட்டாது. பழுப்பாகக் கண்ணாடிச் சில்லுபோல உதிர்ந்தால் அது விலங்குப் பசை, வெந்நீரில் நனைத்த துணியால் இளக்கி எடுக்கலாம். பிறகு மரம் நன்றாகக் காய வேண்டும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிளாஸ்டிக்போல இருந்தால் கத்திமுனையால் சுரண்டுங்கள். மரத்தைச் சுரண்டிவிடாதீர்கள், மூட்டு இன்னும் தளர்ந்துவிடும். பொருத்திப் பார்க்கும்போது தொளதொளவென்று இருந்தால், மெல்லிய மரச்சீவலைப் பசையில் தோய்த்து முனையைச் சுற்றி ஒட்டுங்கள்.

இரண்டு பக்கமும் பசை தடவி மூட்டைச் சேர்த்த பிறகு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கருவி வாங்கத் தேவையில்லை. நான்கு கால்களையும் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்று கட்டுங்கள். கயிறு மரத்தை அறுக்காதபடி மூலைகளில் மடித்த துணி வையுங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். மூட்டின் ஓரத்தில் முத்து முத்தாகப் பசை பிதுங்கும்போது நிறுத்தி, குச்சி திரும்பாதபடி சட்டத்தில் சாய்த்துக் கட்டிவிடுங்கள். பிதுங்கியதை உடனே ஈரத்துணியால் துடையுங்கள்; காய்ந்துவிட்டால் பின்னால் வார்னிஷ் அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் வெளுத்து நிற்கும். நாற்காலியை நிமிர்த்திச் சமமான தரையில் வைத்து, கால்களின் அடியில் குறுக்காக மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கோணல் இல்லை. இருபத்து நான்கு மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

மறுநாள் கயிற்றை அவிழ்த்து உட்கார்ந்து பார்க்கும்போது இன்னும் லேசாக ஆடினால், காலை அறுக்க ஓடாதீர்கள். நாற்காலியை அதே இடத்தில் மெல்லத் திருப்புங்கள். திருப்பும்போது ஓரிடத்தில் ஆட்டம் நின்றால் குறை தரையில். சமநீளக் கால்கள் சதுரமாக அமைந்த மேசையை, கரடுமுரடு மிகாத தரையில் கால் பங்கு சுற்றுக்குள் திருப்பியே நான்கு கால்களும் பதியும்படி வைத்துவிடலாம் என்று கணித வல்லுநர்கள் நிரூபித்தே இருக்கிறார்கள். நாற்காலியின் கால்கள் அவ்வளவு துல்லியமான சதுரத்தில் நிற்பதில்லைதான், ஆனாலும் பெரும்பாலும் பலிக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரண்டு கால்கள் தட்டினால், ஒரு கால் குட்டை. அதன் அடியில் தோல் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டுபோய், மாலையில் வெயில் பட்டை விழுகிறது என்று கண்டுபிடித்தீர்களே, அங்கே போடுங்கள்.